கரடி நெஞ்சில் சுண்ணாம்பு

அந்தக் காலத்தில் கரடிக்குப் பேச்சு உண்டு. நெஞ்சில் வெள்ளை கிடையாது. தலைமுதல் கால்வரை ஒரே கறுப்பு.

அப்போது நெடுவரை மலையில் கூர்வேலர் என்றொரு போர்க்குடி இருந்தது. அவர்களிடம் ஒரு வழக்கம். ஓர் உயிரைக் கொல்லச் சபதம் செய்தவன் அதன் நெஞ்சில் இரண்டு விரலால் சுண்ணாம்பை இழுத்துவிட வேண்டும். பிறகு அந்த உயிர் அவனுக்கு மட்டும்தான்; வேறு யார் வேலும் அதைத் தொடாது. அவனும் நெஞ்சுக்கு நேரேதான் குத்த வேண்டும். முதுகில் குத்தினாலும், நெஞ்சு எதிரே வந்தும் குத்தாமல் விட்டாலும், வேலைப் பிடுங்கிக்கொண்டு மலையைவிட்டுத் துரத்திவிடுவார்கள்.

அந்தக் குடியில் கொற்றன் என்றொரு வீரன். வேலெறிவதில் அவனைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். கோபத்தை அடைகாப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நாகையைப் பெண் கேட்டிருந்தான். பெண்வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய சீருக்கென்று பாறை இடுக்கில் ஒரு பெரிய தேனடையைக் கண்போலக் காத்து வந்தான். சீர் நாளன்று போய்ப் பார்த்தால், ஒரு பெண்கரடி முகமெல்லாம் தேனாக உட்கார்ந்திருக்கிறது.

"அடி பாவி! என் கல்யாணத்தையே தின்றுவிட்டாயே!"

"கல்யாணமா? தேன் என்றல்லவா நினைத்தேன்," என்றது கரடி, நகத்தை நக்கிக்கொண்டே.

கொற்றனுக்குத் தலை கொதித்தது. இடுப்புக் குடுவையில் விரல்விட்டு அதன் நெஞ்சில் ஓர் இழுப்பு இழுத்தான். வேலை எடுக்கக் குனிவதற்குள் கரடி ஓடிவிட்டது.

கல்யாணம் ஒரு வருஷம் தள்ளித்தான் நடந்தது. மகள் குன்றி பிறந்து, நடந்து, ஓடவும் ஆரம்பித்தாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. காட்டில் எதிர்ப்பட்டால் கரடி சட்டென்று முதுகைக் காட்டிவிடும்.

"திரும்பு, கோழையே!"

"முதுகு அரிக்கிறது, மாப்பிள்ளை. சொறிந்துவிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டும்.

ஒரு கோடையில் ஆண்கள் கீழ்க்கணவாயில் போரிட்டுக்கொண்டிருந்தபோது, பகைவர் பின்வழியாக ஏறிக் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். செய்தி கேட்டுக் கொற்றன் ஓடிவந்தான். நாகை சாம்பலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"குன்றி என் கையை உதறிவிட்டுக் காட்டுக்குள் ஓடினாளே! காடும் சேர்ந்து எரிகிறதே!"

எல்லாரும் தேடிக் களைத்து நின்ற நேரத்தில் புகைக்குள்ளிருந்து கரடி வந்தது. மயிர் கருகியிருந்தது. முதுகில் குன்றி, குட்டிக்கரடியைப்போல் ஒட்டிக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் தேன்.

அன்றைக்குத்தான் அது கொற்றனுக்கு நெஞ்சைக் காட்டி நின்றது.

"உன் தேனை உன் மகளுக்கே கொடுத்துவிட்டேன்," என்றது.

"ஏன் வந்தாய்? நான் குத்துவேன் என்று தெரியாதா?"

"தெரியும். ஆனால் உன் சுண்ணாம்பைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் யாரும் என்னை வேட்டையாடவில்லை. என் குட்டிகளெல்லாம் பிழைத்தன. கோபத்தில் போட்டாலும் நீ போட்டதுதானே? அந்த நன்றி எனக்கு இருக்காதா?"

குடித்தலைவர் மாறன் வேலைக் காட்டினார். "கொற்றா, நெஞ்சு எதிரே இருக்கிறது. குத்து. இல்லையென்றால் வேலைக் கொடு."

கொற்றன் வேலைத் தரையில் ஊன்றினான். குடுவையைத் திறந்து, கரடி நெஞ்சில் இருந்த அதே குறியைத் தன் நெஞ்சில் இழுத்துக்கொண்டான்.

"என் பிள்ளையை நெருப்பிலிருந்து தூக்கிவந்த தாய் இவள். இவளைக் குத்தத்தான் வேண்டுமென்றால் முதலில் இந்த நெஞ்சில் குத்துங்கள், தலைவரே."

மாறன் குன்றியின் தேன் வாயைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் குடுவையை இங்கே கொடு."

தன் நெஞ்சிலும் இழுத்துக்கொண்டார். குடுவை கைமாறிக் கைமாறி எல்லா வீரர்களிடமும் போய்வந்தது. எல்லாரும் கரடியின் காலில் விழுந்தார்கள். கொற்றன் மட்டும் எழுந்திருக்கும்போது, "இருந்தாலும் அது பெரிய அடை, தாயே," என்று முனகினானாம்.

கரடிக்குட்டிகள் நெஞ்சில் வெள்ளைக் கீற்றோடு பிறப்பதும், கூர்வேலர் கரடியைத் தாய்த்தெய்வமாகக் கும்பிட்டு, அந்தக் கீற்றை நெஞ்சில் இட்டுக்கொண்டு போருக்குப் போவதும், முதல் தேனடையை அவளுக்கென்று பாறையில் விட்டுவருவதும் அன்று முதல்தான்.