எழுந்து போனவர்கள்

"நான் வாசிக்க ஆரம்பிச்சாலே ஜனம் எழுந்து போயிடுது, வாத்தியாரே. பேசாம மிருதங்கத்தை உறையில போட்டுக் கட்டிடலாம்னு இருக்கேன்."

பூங்கோதை மனம் நொந்துதான் சொன்னாள்.

வாத்தியார் தனகோடி அவளைவிட ஐந்து வயது இளையவர். கற்றுக்கொள்வதற்கு வயது என்ன வேண்டிக்கிடக்கிறது!

அவள் சொன்னதில் பொய்யில்லை. கச்சேரியில் பாடகர் ஓய்ந்து, மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் நேரம் ஒன்று உண்டு. தனி ஆவர்த்தனம் என்று அதற்குப் பேர். ரசிக மகா ஜனங்களுக்கோ அது கேன்டீன் போகிற நேரம். மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் அமைத்த தாளக் கோர்வையைக் காலி நாற்காலிகள்தான் கேட்டன.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"ஒருத்தர்கூட எழுந்து போகக் கூடாது."

"அவ்வளவுதானே? அதுக்குத் தகுந்த மாதிரி வாசிங்க. ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பூங்கோதை தன் கோர்வையைத் தொடவே இல்லை. கல்யாண ஊர்வலத்தில் அடிக்கிற துள்ளல் தாளம் ஒன்றை எடுத்து வெளுத்து வாங்கினாள். கூட்டமே சேர்ந்து கை தட்டியது. கதவு வரை போன ஒரு மாமாகூடத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். அடேயப்பா, என்ன ஆரவாரம்! பின் வரிசையிலிருந்து விசில் வேறு.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கச்சேரி முடிந்ததும் வாத்தியாரைத் தேடினாள். முதல் வரிசையில் ஆளைக் காணோம். கடைசியில் கேன்டீனில் கண்டுபிடித்தாள். நிதானமாக ரவா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலி காலி. அதன் முன்னால் இலையில் இன்னொரு தோசை இருந்தது.

"வாத்தியாரே, பாத்தீங்களா? இன்னைக்கு ஒருத்தர்கூட எழுந்து போகலை!"

"ரெண்டு பேர் போனோம்."

அவள் முகம் வாடிவிட்டது. ஊரே போயிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

"நீங்க ஒருத்தர். சரி. இன்னொருத்தர் யாரு?"

அவர் அந்த இலையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்கதாம்மா. எனக்கு முன்னாடியே எழுந்து போயிட்டீங்க."