விழுங்கிக்கொடியின் பன்னிரண்டாம் ஞாயிறு

ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள் விழுங்கிக்கொடி என்றொரு பொல்லாத செடி வசித்தது. கட்டைவிரல் உயரக் களிமண் பொம்மை, பச்சைச் சாயம், வாய் நிறையப் பல். வாள்வீரன், மந்திரவாதி பொம்மைகளோடு ஒரே பெட்டியில்தான் படுக்கை. ஆனால் ஞாயிறுதோறும் நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு வீரனாக மாறி, பகடை உருட்டிக் கதை ஆடுவார்கள். மேசையில் விரித்த காட்டுப் படத்தின் மேல் கொடியை வைத்த மறுநொடியே, "தீப்பந்தத்தைக் கொளுத்து" என்பார்கள். ஆட்டத்தில் இதுவரை பதினோரு முறை செத்தாயிற்று.

செத்துச் செத்துப் பழகிய உடம்பு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த வாரம் ஆட்டத்தை நடத்தும் அருள்தாஸ், மிச்சமிருந்த களிமண்ணை உருட்டி, அதன் காலடியில் குட்டித் தளிர் ஒன்றை ஒட்டிவிட்டார். அன்றோடு கொடியின் நிம்மதி போயிற்று. பந்தம் விழுந்தால் முதலில் கருகுவது தளிர்தான்.

கொடி ஆட்டத்தின் விதிப்புத்தகத்திடம் கேட்டது. "என்னைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

"தீயது. கிட்டே வருபவரை விழுங்கும். தீக்கு அஞ்சும்."

"நான் எங்கேயும் போனதே இல்லையே. அவங்கதானே என் இடத்துக்கு வர்றாங்க?"

"அதெல்லாம் என்கிட்ட கேட்காதே. அச்சடிச்சதைச் சொல்றேன், அவ்வளவுதான்."

பிறகு இருபது முகப் பகடையிடம் கெஞ்சியது. "இந்த ஞாயிறு மட்டும் அவங்களுக்குச் சின்ன எண்ணா விழுந்துடேன்."

"உருள்றதுதான் என் வேலை. எந்த முகம் மேலே வரும்னு எனக்கே தெரியாது," என்றது பகடை. பாவம், அது பொய் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. அருள்தாஸ் கொடியைக் காட்டில் வைத்தார். வழக்கம்போல எல்லாக் கைகளும் பகடைக்கு நீண்டன. புதிதாக வந்திருந்த ஹசீனா மட்டும் நீட்டவில்லை. அவளுக்கு ஆட்டமே தெரியாது.

"இதுக்கு என்ன வேணுமாம்?" என்றாள்.

"அது அரக்கச் செடி ஹசீனா. பார்த்ததும் அடிக்கணும்," என்றான் பக்கத்திலிருந்தவன்.

"அடிக்கலாம். கேட்டுட்டு அடிப்போமே."

அருள்தாஸ் புத்தகத்தைப் புரட்டினார். கொடி பேசாது என்று எங்கேயும் போடவில்லை. "சரி, பத்துக்கு மேலே விழுந்தா அது பதில் சொல்லும்," என்றார்.

பகடை உருண்டது. கொடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. பதினாலு விழுந்தது.

பதினோரு முறை வெளியே வராத குரல் அருள்தாஸின் வாய்வழியே வந்தது. "காலடியில குழந்தை இருக்கு. கொஞ்சம் சுத்திப் போங்க."

சுற்றித்தான் போனார்கள். அரை நிமிஷ வேலை. இதற்கா இத்தனை ஞாயிறு நெருப்பு?

ஆட்டம் முடிந்து பெட்டிக்குள் வந்ததும் வாள்வீரனின் முகமே சரியில்லை. "பதினோரு தடவை உன்னை எரிச்சிருக்கேன். ஒரு தடவையாவது நீ வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"ஒவ்வொரு தடவையும் திறந்தேன்," என்றது கொடி. "கடிக்க வருதுன்னு நீதான் கத்தினே."