ஏழாவது பிரதி

தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நாச்சியார் வகுப்பு நடத்திவந்தார். தூரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு அவர் உதவினார்.

அந்த வேலையை அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் பொன்னையா. முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். நாச்சியாரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மாலை ஆறு மணிக்குள் மாணவி அமலியின் கட்டுரை போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். பொன்னையா தான் திருத்திய ஏழாவது பிரதியைக் கொண்டுவந்து வைத்தார்.

“இதுல இனிமே கைவைக்க இடமில்ல, டீச்சர். ஆனாலும் மனசு அடங்கல. திருத்தி முடிஞ்சாச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

அமலியை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற அவள் அப்பா ரோச்சை நாச்சியார் உள்ளே கூப்பிட்டார். ரோச் ஐஸ் பிளாண்டில் வேலை செய்பவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, நாலு கட்டுரை இருக்கு. மூணு போன வருஷத்துப் பிள்ளைங்களோடது. ஒண்ணு அமலி எழுதினது. தமிழ்ல சொல்றேன். உங்க மக எதுன்னு சொல்லுங்க.”

நான்கையும் ரோச் கண்ணை மூடிக் கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் உழைத்தார்கள். தோற்றார்கள். தோல்வியில் பாடம் கற்றார்கள்.

“எல்லாம் தங்கமான பிள்ளைங்க,” என்றார். நெடுநேரம் யோசித்தார். “மூணாவது.”

மூன்றாவது ஒரு பையன் எழுதியது.

அங்கேயே உட்கார்ந்திருந்த அமலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதட்டி. எனக்குப் படிப்பு பத்தாது.”

“நான் தமிழ்லதானே சொன்னேன், அண்ணாச்சி,” என்றார் நாச்சியார்.

பொன்னையா எதையும் தூர எறியமாட்டார். ஏழு பிரதிகளையும் வரிசையாக நூல் கோத்துக் கட்டியிருந்தார். நாச்சியார் கட்டைப் புரட்டி அடியிலிருந்த முதல் தாளை எடுத்தார். அதில் ஒரு பத்தி முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பொன்னையாவின் கையெழுத்து: ‘வேண்டாம். பொய் சொன்னதைப் போய் எழுதுவதா?’

அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னார் நாச்சியார்.

“பத்து வயசுல டீ போட்டேன். சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன். தப்புன்னு ஒத்துக்க மனசு வரல. நல்லாருக்குன்னு சொல்லி ஒரு தம்ளர் முழுசும் குடிச்சேன்...”

ரோச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

“இது எங்க வீட்டுக் கழுதல்லா? தான் குடிச்சதை மட்டும் எழுதியிருக்கா. எனக்கு ஒரு தம்ளர் குடுத்தாளே, அது எங்க?”

அமலி திரும்பினாள். “நீங்க ஒண்ணும் சொல்லலையேப்பா. உங்க தம்ளர்ல சரியாப் போட்டுட்டேன்னுல்லா நெனச்சேன்.”

“நீ குடிக்கும்போது நான் எப்படிட்டி கீழ வைப்பேன்?”

அமலி அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த முதல் தாளை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் எழுத உட்கார்ந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு முடித்துப் பொன்னையாவிடம் காட்டினாள். அப்பாவின் தம்ளர் கடைசி வரியில் இருந்தது. பொன்னையா இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். இன்னொரு வரியின் மேல் பேனா சற்று நின்றது. மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

கட்டுரை போயிற்று. அப்பாவும் மகளும் படியிறங்கும்போது அந்த டீயைப் பற்றியே பேசிக்கொண்டு போவது மேலே கேட்டது.

பொன்னையா ஏழு தாள்களையும் மறுபடி நூலில் கட்டினார்.

“ஏழாவதை அனுப்பியிருந்தா கண்டிப்பா இடம் கிடைச்சிருக்கும், டீச்சர்.”

“கிடைச்சிருக்கும், சார்,” என்றார் நாச்சியார். “ஆனா பெட்டி கட்டிக்கிட்டு காலேஜுக்கு நீங்கதான் போகணும்.”