விளக்கைச் சுற்றி ஒரு வட்டம்

தெய்வசிகாமணிக்கு ஞானம் வந்துவிட்டது. குருவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மலைக்குகைக்குப் போவதுதான் பாக்கி.

முப்பத்தைந்து வருடம் தபால்காரராக இருந்தவர். எப்பேர்ப்பட்ட கோழிக் கிறுக்கல் விலாசத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். மனைவி போனபின் மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து ஏழு வருடமாகிறது. குரு வடிவம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் எல்லாரையும்போல அவரும் குருவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அங்கே காலைக் கஞ்சிக்கு முன் ஒரு பாட்டு வாசிப்பார்கள். மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடாது, வரிக்கு வரி விரலை ஓட்டி வாசிக்க வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. வாசிப்பவர் தெய்வசிகாமணி.

"அம்மா, குகைக்குப் போக உத்தரவு வேணும்."

"என்ன திடீர்னு?"

"விளக்கைப் பாத்தா சுடரைச் சுத்தி வட்டமா ஒளி தெரியுது. நீங்க சன்னல்கிட்ட உக்காந்தா உங்க முகமே ஒளியில கரைஞ்சிடுது."

"அப்புறம்?"

"வெள்ளை வேட்டி பொன்னாத் தெரியுது. நிலா ரெண்டு."

"ரெண்டா?"

"ஒண்ணு ஊருக்கு. இன்னொண்ணு எனக்கு."

அவர் சொன்ன தோரணையில் துளி சந்தேகம் இல்லை.

"எழுத்தெல்லாம் என்னைவிட்டு விலகிட்டு வருதும்மா. பம்பாய்லேர்ந்து மக மூணு இன்லண்டு லெட்டர் போட்டிருக்கா. பிரிக்கவே தோணல. பாட்டுப் புத்தகத்துல பக்க அடையாளத்துக்கு வெச்சிருக்கேன். பற்று அவ்வளவு தூரம் அறுந்துபோச்சு."

அம்மா அவர் கண்களை உற்றுப் பார்த்தார்.

"காலம்பூரா மத்தவங்களுக்கு வந்ததைக் கொண்டுபோய்க் குடுத்தேன். எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். இல்லேன்னு சொல்லிடாதீங்க."

"நாளைக்கு வாசிச்சு முடிங்க. சொல்றேன்."

மறுநாள் காலை பலகைமேல் புத்தகம் இருந்தது. தெய்வசிகாமணி விரித்து, விரலை ஓட்டி வாசித்தார். அவ்வளவு உருக்கமாக அவர் வாசித்ததே இல்லை. கேட்டவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் கஞ்சிக்கு எழுந்து போனபின் அம்மா சொன்னார்: "ஐயா, அந்தப் புத்தகத்த அடுப்படியில குடுத்துட்டு வாங்க. ராக்கம்மா தேடுறாங்க."

"பாட்டுப் புத்தகத்தையா?"

"குடுத்துட்டு வாங்க."

சமையல்காரி ராக்கம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "அப்பாடா! எலுமிச்சங்காய்க்கு உப்பு எவ்வளவுன்னு பாக்கணும். எங்க ஊறுகா புத்தகம் உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு?"

அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"எத்தனை நாளா?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டு வருஷம். மொதல்ல பல்பு மங்கல்னு நெனச்சேன். அப்புறம் அச்சு சரியில்லைன்னு. அப்புறந்தான் இப்படி நெனச்சிக்கிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"கண்ணுல கத்தி வைப்பாங்கம்மா. விலாசம் படிச்ச கண்ணு. லெட்டரைப் படிச்சுக் காட்டுன்னு இன்னொருத்தர்கிட்ட எப்படி நீட்டுவேன்?"

"புரை விழுந்திருக்கு, அவ்வளவுதான். நாளைக்கு மொத பஸ்சுல பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

"அப்ப அந்த வட்டம்?"

"அதுவும் கூட வரட்டும். டாக்டர்கிட்டயே காட்டிடுவோம்."

முதலில் ஒரு கண், ஒரு மாதம் விட்டு மறு கண். பச்சைத் துணி, கறுப்புக் கண்ணாடி, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று அவர் வார்டு முழுக்கத் தைரியம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

படிக்கும் கண்ணாடி வந்த அன்று அம்மாவைப் பார்க்கப் போனார். அம்மா அதே சன்னலருகே உட்கார்ந்திருந்தார். முன்தலை நரைத்திருந்தது. புடவையில் தோளருகே ஒட்டுத் தையல். இரண்டு வருடமாக இதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

"எப்படி இருக்கு?"

"வேட்டி வெள்ளையா இருக்கு. எழுத்து எழுத்தா இருக்கு."

"நிலா?"

"ஒண்ணுதான்." அவர் தரையைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷர், சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார். "வட்டம் போயிடுச்சும்மா. எனக்குன்னு எதுவும் வரல."

அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பிரிக்காத மூன்று நீலக் கடிதங்களை உருவினார். எழுந்து அவரைத் தாண்டி வெளியே போய், வாசற்படிக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றுகொண்டார்.

பிறகு ஊருக்கே கேட்கும் குரலில் கூப்பிட்டார்.

"தெய்வசிகாமணி சார்! போஸ்ட்!"