காலித் தொட்டி

மஞ்சநல்லூர் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கை நுழையும் அளவுக்கு விரிசல். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். பேரூராட்சித் தலைவர் தனகோடியோ தொட்டிக்கு அடியிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார். ஊர்ச்சனம் பயந்துபோய் எட்டத்தில் வெயிலில் நின்றது.

"எனக்கே பயமில்லை, உங்களுக்கென்ன?" என்றவர், மோட்டார் போடும் பேச்சித்தாயைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். "தொட்டி உறுதியா இருக்குன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

பேச்சித்தாய் தாளை வாங்கிப் பார்த்தாள். போடாவிட்டால் அடுப்பு எரியாது. போட்டால் பிள்ளைகள் தலையில் தொட்டி விழும்.

"போடுறேங்கய்யா. கூட்டம் முடியற வரைக்கும் தொட்டியைக் காலியா வைன்னு நேத்து ரகசியமாச் சொன்னீங்க. உறுதியான தொட்டிக்கு அதெல்லாம் எதுக்குன்னு, காலையிலேயே விளிம்பு வரை ரொப்பிட்டேன்."

தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். சனத்துக்கும் பின்னால் போய்த்தான் நின்றார்.

பேச்சித்தாய் இருந்த இடத்திலேயே நின்று தொட்டிக் குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"காலித் தொட்டிதாங்கய்யா. பயமில்லாம வந்து, அந்தக் கையெழுத்தை நீங்களே போடுங்க."

ஊர் மொத்தமும் மெல்லத் தலைவர் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை அவருக்கு ஓட இடமில்லை.