கண் திறக்காத பாட்டுப் பெட்டி

"அம்மை, முப்பிடாதியை அனுப்பிவிடலாம்."

தாணுமூர்த்தி இப்படிச் சொன்னபோது அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்தச் சின்ன மடத்தில் அவர்தான் குரு. வயதில் தாணுமூர்த்தியைவிட இளையவர். அதனால் குரு சீடரை "ஐயா" என்பார். சீடர் குருவை "அம்மை" என்பார்.

தாணுமூர்த்தி மின்வாரிய ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மடத்தின் நிர்வாகம் முழுக்க அவர் கையில் இருந்தது. முப்பிடாதி மடத்திலேயே தங்கியிருப்பவள்.

"எதுக்கு அனுப்பணும்?"

"வெள்ளிக்கிழமை புதுக் கட்டடத்தில பால் காய்ச்சுறோம். யாருக்கு எந்த அறைன்னு பிரிச்சாச்சு. அவளுக்கு எந்தக் கணக்கில அறை கொடுக்க? தியானத்துக்கு உக்கார மாட்டா. ஒரு பாட்டு தெரியாது. வெத்திலையை மென்னுக்கிட்டு வாசல்ல இருந்து போறவன் வாறவனை எல்லாம் வம்புக்கு இழுக்கா."

"உங்களையுமா?"

"என்னைத்தான் முதல்ல."

அம்மை சிரித்தார்.

"இங்கேருந்து போனா எங்கே போவா?"

"போக்கிடம் இல்லைதான்." தாணுமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "ஆனா அதையே பார்த்துக்கிட்டு இருந்தா மடம் நடத்த முடியுமா? இன்னைக்கே சொல்லிடணும்."

"சொல்லலாம். காலையில பாட்டுப் பெட்டி ஏன் பாடலை?"

தாணுமூர்த்தியின் முகம் வாடிப்போனது.

பாட்டுப் பெட்டி என்பது உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர். முந்தைய குரு பாடிய பாட்டுகள் எல்லாம் அதன் மெமரி கார்டில் இருந்தன. விடியும் முன்னே அது தானாக எழுந்து பாடும். அதைக் கேட்டு மடம் எழும்.

அந்தக் கார்டு நிறைந்துவிட்டது. தாணுமூர்த்தி பெரிய கார்டாக வாங்கி, பாட்டுகளை அதற்கு மாற்றிப் போட்டார்.

அதன்பிறகு பெட்டி கண் திறக்கவே இல்லை.

"செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன், அம்மை. ஒயரை மாத்தினேன். பிளக்கை மாத்தினேன். தூசி தட்டினேன். கடைசியில திருநீறுகூடப் பூசிட்டேன்."

"கொண்டு வாங்க, பார்ப்போம்."

கொண்டுவந்தார். அவர் பின்னாலேயே வாசலில் இருந்து முப்பிடாதியின் குரலும் வந்தது.

"என்ன ஆபீசரே, உம்ம பெட்டி மௌன விரதமா? உம்மளவிட அதுக்குப் பக்குவம் வந்திட்டு போலிருக்கே!"

"கேட்டீங்களா, அம்மை?"

"கேட்டேன். நீங்க சுவிட்சைப் போடுங்க."

போட்டார். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"சிவப்பு எரிஞ்சா என்ன?"

"கரண்டு வருதுன்னு அர்த்தம். பக்கத்தில பச்சை மினுங்கணும். அப்பத்தான் கார்டைப் படிக்குதுன்னு அர்த்தம். அதுதான் மினுங்க மாட்டேங்குது."

"பழைய கார்டு இருக்கா?"

"இருக்கு. ஆனா அது நிறைஞ்சு போச்சே..."

"அதைப் போடுங்க, ஐயா."

பழைய கார்டைப் போட்டார்.

பச்சை மினுங்கியது. சற்று நேரத்தில் முந்தைய குருவின் குரல் கூடத்தை நிறைத்தது. அம்மை கீரையைக் கீழே வைத்துக் கைகூப்பினார்.

"ஏ, வாயைத் திறந்திட்டு!" என்றாள் வாசலில் முப்பிடாதி.

பாட்டு முடிந்தது.

"அப்ப பெட்டியில குறை இல்லை," என்றார் அம்மை.

"இல்லை."

"ஒயர்ல?"

"இல்லை."

"திருநீறுல?"

தாணுமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"பழசுல இருக்கிறது, புதுசுல இல்லாதது எது?"

"ஒண்ணும் இல்லை, அம்மை. ஒரு பாட்டைக்கூட விடலை. சரிபார்த்துத்தான் மாத்தினேன்."

"பாட்டைக் கேக்கலை."

தாணுமூர்த்தி யோசித்தார்.

"கார்டோட தொடக்கத்தில ஒரு சின்னத் துண்டு தனியா இருந்தது. அதுல பாட்டும் இல்லை, படமும் இல்லை. வாயில நுழையாத பேர்ல என்னென்னமோ கிடந்தது."

"அதை?"

"விட்டுட்டேன்."

"புதுசுல இடம் இல்லையா?"

"இடத்துக்கு என்ன, எக்கச்சக்கமா இருக்கு. புது வீட்டுக்குப் போறப்போ குப்பையை எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்னுதான்."

"குப்பைன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. என்னன்னு தெரியலை. அதனால அப்படி நினைச்சேன்."

அம்மை மறுபடியும் கீரையைக் கையில் எடுத்தார்.

தாணுமூர்த்தி ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த முறை எதையும் பொறுக்கவில்லை, எதையும் கழிக்கவில்லை. பழைய கார்டில் தலை முதல் கால் வரை என்ன இருந்ததோ, அது அப்படியே புதுக் கார்டுக்கு ஏறட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. சோறு ஆறிப்போனது.

பிறகு கடவுளை நினைத்துக்கொண்டு புதுக் கார்டைப் பெட்டிக்குள் செருகினார்.

சிவப்பு எரிந்தது.

பச்சை மினுங்கியது.

பாட்டு வந்தது.

அம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். தாணுமூர்த்தி வேட்டி தடுக்க ஓடிவந்தார்.

"பாடிடுச்சு, அம்மை! புதுக் கார்டுலயே பாடிடுச்சு! எல்லாத்துக்கும் அந்தச் சின்னத் துண்டுதான். எப்படிக் கண்ணைத் திறக்கணும், எப்படி எழுந்திருக்கணும்னு பெட்டிக்கு அதுதான் சொல்லிக் கொடுக்குது. அது சொன்ன பிறகுதான் பாட்டெல்லாம். அது என்னன்னு தெரியாம நான் பாட்டுக்கு..."

பேச்சு பாதியில் நின்றது.

வாசலில் முப்பிடாதி ஓர் ஆட்டுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன முறைக்கே? நீயும் மின்வாரியத்தில இருந்தியோ?"

தாணுமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல அம்மையின் அருகில் உட்கார்ந்தார்.

"அம்மை."

"சொல்லுங்க, ஐயா."

"முப்பிடாதி இந்த மடத்துக்கு என்ன செய்யுறா?"

அம்மை ஒரு திரியை முடித்துத் தட்டில் வைத்தார்.

"தெரியாது."

"உங்களுக்குமா தெரியாது?"

"எனக்கும் தெரியாது."

தாணுமூர்த்தி எழுந்து வாசலுக்குப் போனார்.

"முப்பிடாதி, புதுக் கட்டடத்தில உனக்கு எந்த அறை வேணும்?"

அவள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுனாலும் சரி. உமக்குப் பக்கத்து அறை மட்டும் வேண்டாம். குறட்டை விடுவீரு."