மா என்ற ஓரெழுத்து

வெகு வெகு காலத்துக்கு முன்னே, சங்குத்துறை என்றொரு பட்டணம் இருந்தது. வெயிலைவிட மேகத்தையே அதிகம் பார்த்த பட்டணம். அங்கே உமையாள் என்றொரு பெண். பல தேசத்து வணிகர்களுக்கு நடுவே நின்று, பேச்சை மாற்றிச் சொல்லும் துபாசி. அவள் புருஷன் சாத்தன், கப்பல்கள் பாறையில் மோதாமல் வழிகாட்டிக் கரைசேர்ப்பவன்.

அந்தக் கடலில் கருநாவன் என்ற மந்திரவாதி வாழ்ந்தான். உடைந்த கப்பல்களின் சரக்குதான் அவனுக்குச் சோறு.

"கப்பலைப் பாறைமேல் ஏற்றடா" என்றான் கருநாவன்.

"என் உயிர் போனாலும் மாட்டேன்" என்றான் சாத்தன்.

மறுநொடி, கரையோரத்தில் சாத்தனே பாறையாகி நின்றான்.

உமையாள் ஓடிப்போய் மந்திரவாதியின் காலில் விழுந்தாள்.

"புருஷன் வேணுமா? உன் சொற்களையெல்லாம் எனக்குக் கொடு. ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொள். அதை மட்டும் சொல்லி, மூன்று மொழிக்காரர் மூவரைப் பாறைக்கு வரவழை. பொழுது சாய்வதற்குள் மூவரும் தாமாகவே அதன்மேல் கை வைக்க வேண்டும். நீ சைகை காட்டினாயோ, அவன் என்றைக்கும் கல்தான்!"

உமையாள் நெடுநேரம் யோசித்தாள். "மா" என்றாள்.

"மாமரமா, அரிசிமாவா?" கருநாவன் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு ஒரே உறிஞ்சு. தமிழ் போயிற்று. வங்கமொழி போயிற்று. சயாம்மொழி போயிற்று. வடமொழி போயிற்று. அவளுடைய பெயரும் போயிற்று. அந்த எழுத்து யார் காதில் என்னவாக விழும் என்ற நினைவு மட்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நின்றது.

துறையில் சயாம் தேசத்து மாலுமி ஒருவன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். "மா" என்றாள். அவன் மொழியில் அது 'வா'. ஏழு மாதமாக யாரும் அவனை அவன் பாஷையில் கூப்பிடவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தான்.

கிடங்கு வாசலில் வங்கதேசத்து விதவை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பயணத்தில் மகளைக் கடலுக்குக் கொடுத்தவள். "மா" என்றாள் உமையாள். விதவையின் மொழியில் அது 'அம்மா'. அந்தப் பெண் சட்டென்று எழுந்தாள். "யாரம்மா நீ?" என்று அழுதபடியே கூட வந்தாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூன்றாமவரைக் காணோம். பாறையருகே, காசியிலிருந்து வந்த பண்டிதர் ஒருவர் அலைக்குள் நடந்துகொண்டிருந்தார். உடைந்த கப்பலில் அவர் குடும்பமே போய்விட்டது. தண்ணீர் மார்புக்கு ஏறியது.

"மா!" என்று அலறினாள் உமையாள்.

வடமொழியில் அது 'வேண்டாம்'. பண்டிதர் நின்றார். "என்னை வேண்டாமென்று தடுக்கவும் ஓர் ஆள் இருக்கிறாரா?" என்று முனகித் திரும்பிவந்தார்.

உமையாள் பாறையைக் கட்டிக்கொண்டு குமுறினாள். அவள் சைகை எதுவும் காட்டவில்லை. மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை; அவள் துக்கம் புரிந்தது. தேற்றுவதற்கு வழி தெரியாமல், அவள் அணைத்திருந்த கல்லையே தொட்டார்கள். முதலில் ஒரு கை. பிறகு ஒரு கை. பிறகு ஒரு கை.

கல் வெடித்தது. உப்பு ஒட்டிய உடம்போடு சாத்தன் வெளியே விழுந்தான்.

மந்திரம் முறிந்த அந்த நேரமே கருநாவனுக்கு விழுங்கிய சொற்களெல்லாம் தொண்டையில் அடைத்தன. மூச்சுமுட்டிச் செத்தான். சொற்களும் அவனோடு போயின.

சாத்தன் அவளைத் துறையில் உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் தொடங்கினான். "இது தண்ணீர். இது மீன். இது மழை." வங்கத்து அம்மா அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பண்டிதர் தினமும் வந்து உட்காருவார்.

ஓராண்டு கழித்து, விடாமல் மழை கொட்டிய ஒரு நாளில், உமையாள் அவன் முகத்தைப் பார்த்து, "சாத்தன்" என்றாள்.

அவன் அதை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.